திரைப்படக் கழகம்

திருவண்ணாமலை என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன மலையும் கோயிலுமே ஆகும். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் தீபம் ஏற்றும் வேளையில், எண்ணிறந்த மக்கள் ஒரே திசையை நோக்கிக் காத்து நிற்பர். முழுநிலா நாள்தோறும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள வழியில் மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து மலையை வலம் வருவர். தனித்துக் காண்பதினும் கூடிக் காண்பது இனிது என்பதை இவ்வூர் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது.

இவ்வூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில், செய்யாற்றுப் பகுதியில் புரிசை என்னும் சிற்றூர் உள்ளது. அது தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. கூத்து நடைபெறும் இரவில், முதியோரும் சிறுவரும் பாய்களுடன் வந்து அமர்வர். பாரதக் கதை அவர்கட்குப் புதியதன்று. பாஞ்சாலியின் துயரையும் கன்னனின் கொடையையும் குழந்தைகளும் அறிவர். அங்ஙனமாயின், அறிந்த கதையைக் காண விடியும்வரை விழித்திருப்பானேன்? கதை யாது என்று அறிவதற்காக அவர்கள் வருவதில்லை. அக்கதையை இன்று எவ்வாறு ஆடுகின்றனர் என்று காண்பதற்கே வருகின்றனர். மறுநாள் வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் அதே பேச்சாக இருக்கும். "துரியோதனன் சபையில் அடவு தளர்ந்துவிட்டது" என்பார் ஒருவர். "இல்லை, பாட்டு அவ்விடத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும்" என்பார் மற்றொருவர். அப்பேச்சு ஆடுவோர் செவிக்கும் எட்டும். இவ்வாறு காண்போர் ஆடுவோரைத் திருத்தினர். ஆடுவோர் காண்போரை வளர்த்தனர்.

திரைப்படக் கொட்டகையில் நிகழ்வது வேறு. படம் முடிகின்றது, விளக்குகள் எரிகின்றன, அனைவரும் வாயிலை நோக்கி விரைகின்றனர். "படம் நன்றாக இருந்தது" அல்லது "நன்றாக இல்லை" என்னும் இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. எதனால் நன்றாக இருந்தது, எவ்விடத்தில் குறை நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. திரைப்படமோ, கூத்தினும் விரைந்து நம் உள்ளத்துள் புகும் கலையாகும். நாம் உடுத்தும் உடை, பேசும் பேச்சு, பிறரைப் பற்றி எண்ணும் எண்ணம் ஆகிய அனைத்தையும் அது நம்மை அறியாமலே மாற்ற வல்லது. இவ்வளவு ஆற்றல் வாய்ந்த ஒன்றை ஆராயாமல் ஏற்றுக்கொள்வது அறிவுடைமை ஆகுமா? இக்குறையைப் போக்க எழுந்த அமைப்பே திரைப்படக் கழகம் ஆகும்.

கழகம் என்பது யாது?

நல்ல படங்களைக் கண்டு, அவற்றைப் பற்றிக் கலந்து பேச விரும்பும் சிலர் ஒன்றுகூடி அமைத்துக்கொள்வதே திரைப்படக் கழகம். அஃது ஊதியம் கருதி நடத்தப்படுவதன்று. உறுப்பினர் தரும் சிறு கட்டணத்தைக் கொண்டே அது நடைபெறும். வாயிலில் பொதுமக்களுக்குச் சீட்டு விற்பதில்லை. உறுப்பினர்க்கு மட்டுமே படம் காட்டுவர். பெரும்பாலும் திங்களுக்கு ஒரு முறையோ இரு முறையோ காட்சி நிகழும்.

அங்குக் காட்டப்படும் படங்கள் வழக்கமான கொட்டகைகளுக்கு எளிதில் வாராதவை. மிகுந்த பொருளீட்ட வேண்டும் என்னும் நோக்கத்தைவிட, வாழ்க்கையை உண்மையாகக் காட்ட வேண்டும் என்னும் நோக்கம் மேலோங்க எடுக்கப்பட்டவை அவை. அவற்றைக் கலைப்படங்கள் என்று வழங்குகின்றோம். பிற நாட்டுப் படங்களும், பழைய ஊமைப் படங்களும் அவற்றோடு இடம்பெறும்.

இங்கிலாந்து நாட்டின் இலண்டன் மாநகரில் 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கழகம் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்று. நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா, எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் போன்ற அறிஞர்கள் அதற்குத் துணை நின்றனர். படம் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமே என்று பலர் கருதிய காலத்தில், அதனையும் இலக்கியம்போல் ஆழ்ந்து பயிலலாம் என்று அவர்கள் காட்டினர்.

கல்கத்தாவில் ஒரு தொடக்கம்

நம் நாட்டில் பம்பாயில் சில முயற்சிகள் முன்னரே நிகழ்ந்திருப்பினும், பெரும் பயன் விளைத்தது கல்கத்தா நகரில் தோன்றிய கழகமே எனலாம். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், அக்டோபர்த் திங்களில் அது தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியோருள் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் முதன்மையானவர்கள். ராய் அப்பொழுது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய இளைஞர். அவர்கள் முதலில் காட்டிய படம், உருசிய நாட்டின் ஐசன்ஸ்டைன் 1925இல் இயக்கிய 'போர்க்கப்பல் பொட்டம்கின்' என்னும் ஊமைப்படம்.

இளைஞர் சிலர் ஓர் அறையில் அமர்ந்து பழைய ஊமைப்படம் ஒன்றைப் பார்த்தனர். அதனால் நாட்டுக்கு விளையும் பயன் யாது என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், விடை கூறுவது அரிதாக இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. காட்சியைக் காட்சியாகப் பிரித்துப் பேசினர். நம் நாட்டுப் படங்களில் காணும் குறைகளைக் குறித்துக் கட்டுரைகள் எழுதினர். குறை கூறுவது எளிது. நல்ல படம் ஒன்றை எடுத்துக் காட்டுவது அரிது. அவ்வரிய செயலுக்கு ராயின் உள்ளம் மெல்ல மெல்லப் பக்குவம் அடைந்தது.

1949ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் பெரும் இயக்குநரான ழான் ரெனுவார், 'ஆறு' என்னும் படத்தை எடுப்பதற்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். அவருடன் ராய் நட்புக்கொண்டு, படப்பிடிப்புக்கு ஏற்ற இடங்களைத் தேடுவதில் உதவினார். அப்படத்தில் நம் சென்னை அடையாற்றைச் சேர்ந்தவரும், கலாக்ஷேத்திரத்தில் நடனம் பயின்றவருமான ராதா என்னும் பெண்மணி நடித்தார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

ரெனுவாரைச் சூழ்ந்திருந்த கலைஞருள் ஒருவர் திருவண்ணாமலைக்கும் வந்துள்ளார். ரெனுவாரின் படங்களில் துணை இயக்குநராகப் பணியாற்றிய ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆனார். அவர் 1950ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இவ்வூருக்கு வந்து, இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படம் பிடித்தார். திரைப்படத்தை உவமையாகக் கூறி மெய்ப்பொருளை விளக்குவது இரமணரின் வழக்கம். திரையில் தோன்றும் தீ திரையைச் சுடுவதில்லை. வெள்ளம் அதனை நனைப்பதில்லை. அவ்வாறே தோற்றங்கள் மாறினும் அவற்றுக்கு அடிப்படையானது மாறுவதில்லை என்பது அவர் காட்டிய உவமையின் கருத்து. படங்களை மறந்து திரையைக் காணுமாறு அவர் கூறினார். திரைப்படக் கழகமோ, திரையில் தோன்றும் படத்தைக் கூர்ந்து காணுமாறு கூறுகின்றது. நோக்கம் வேறாயினும், மயங்காமல் காண வேண்டும் என்பது இரண்டிற்கும் பொதுவாகும்.

பார்வையாளர் படைப்பாளர் ஆனார்

1950ஆம் ஆண்டில் அலுவல் காரணமாக ராய் இலண்டனுக்குச் சென்றார். அங்குத் தங்கிய ஏறக்குறைய ஆறு திங்களில் நூற்றுக்கு ஒன்று குறைவாக, 99 படங்களைக் கண்டார். அவற்றுள் ஒன்று இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. பெரும் நடிகர் இன்றி, ஒப்பனை மாளிகைகள் இன்றி, தெருவையும் எளிய மக்களையும் கொண்டே உயர்ந்த படத்தை எடுக்கலாம் என்னும் உறுதி அவர்க்கு அப்படத்தால் பிறந்தது.

தாயகம் திரும்பிய ராய், விபூதிபூஷண் பந்தியோபாத்தியாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்க நாவலைப் படமாக்கத் தொடங்கினார். 1952ஆம் ஆண்டில் தொடங்கிய படப்பிடிப்பு, பணமின்மையால் பலமுறை நின்றது. தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும், மனைவியின் நகைகளையும் அடகு வைத்து அவர் பணியைத் தொடர்ந்தார். இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா 21 வயது இளைஞர். அவர் அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியவரல்லர். ரெனுவாரின் படப்பிடிப்பை அருகிருந்து கண்டவர். 1955இல் வெளிவந்த அப்படம், மறு ஆண்டு பிரான்சு நாட்டின் கான் நகர விழாவில், சிறந்த மனித ஆவணம் என்னும் பாராட்டுடன் பரிசு பெற்றது.

அப்படத்தில் ஒரு காட்சியை இங்குக் கருதுவோம். துர்கா என்னும் ஏழைச் சிறுமி, அண்டை வீட்டு மணிமாலை ஒன்றைத் திருடிவிட்டாள் என்று பழிக்கப்படுகின்றாள். தான் எடுக்கவில்லை என்கின்றாள். பின்னர் அவள் நோயுற்று இறந்துபோகின்றாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் நாளில், அவளுடைய தம்பி அப்பு, பரணில் கிடந்த கிண்ணத்தினுள் அம்மாலையைக் காண்கின்றான். அவன் எவரிடமும் கூறவில்லை. ஓடிச் சென்று அதனைக் குளத்தில் எறிகின்றான். நீர்மேல் படர்ந்திருந்த பாசி விலகுகின்றது, மாலை மூழ்குகின்றது, பாசி மீண்டும் மெல்ல மூடிக்கொள்கின்றது. ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் தமக்கையின் குற்றத்தை உலகம் அறியாமல் காத்த தம்பியின் அன்பு நமக்கு விளங்கிவிடுகின்றது. சொல்லால் கூற வேண்டியதைக் காட்சியால் கூறுவதே திரைப்படக் கலையின் தனித்தன்மை. இதனைக் காணும் பயிற்சியையே கழகம் தருகின்றது.

நாடெங்கும் பரவிய இயக்கம்

இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழா 1952ஆம் ஆண்டு சனவரியில் பம்பாயில் தொடங்கிப் பின்னர்ச் சென்னை முதலிய நகரங்களிலும் நடைபெற்றது. உலகப் படங்களை முதன்முறை கண்ட பலர்க்கு, அவை போன்ற படங்களை மேலும் காண வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. 1957ஆம் ஆண்டில் சென்னைத் திரைப்படக் கழகம் தோன்றியது. அரசியல் நிருணய சபையில் உறுப்பினராக இருந்தவரும், பின்னர்த் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான அம்மு சுவாமிநாதன் அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். 1959ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாளில், இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சத்யஜித் ராய்.

கல்கத்தாவில் நிகழ்ந்தது பின்னர்க் கேரளத்திலும் நிகழ்ந்தது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் கல்வி பயின்று, பின்னர்ப் புனே திரைப்படக் கல்லூரியில் கற்ற அடூர் கோபாலகிருஷ்ணன், 1965ஆம் ஆண்டில் நண்பருடன் கூடித் திருவனந்தபுரத்தில் 'சித்திரலேகா' என்னும் கழகத்தைத் தொடங்கினார். 1972இல் அவர் இயக்கிய 'சுயம்வரம்' என்னும் படம் மலையாளத் திரைப்பட வரலாற்றில் புதிய பாதை வகுத்தது. தமிழிலும் எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி, 1965இல் 'உன்னைப்போல் ஒருவன்' என்னும் படத்தை வெளியிட்டார். அது தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இத்தகைய படங்கள் உயிர்வாழ வேண்டுமாயின், அவற்றைத் தேடிக் காணும் சுவைஞர் வேண்டும். விதை நன்றாக இருந்தாலும் நிலம் பண்படாவிடின் பயிர் விளையாது. படைப்பாளன் விதையை இடுகின்றான். நிலத்தைப் பண்படுத்துவது கழகத்தின் பணி.

திங்கள்தோறும் ஒரு காட்சி

கழகத்தின் காட்சி எவ்வாறு நடைபெற்றது என்பதை இனிக் காண்போம். முதலில் படம் கிடைக்க வேண்டும். பிற நாட்டுத் தூதரகங்கள் சில படங்களைத் தந்து உதவின. 1964ஆம் ஆண்டில் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டபின், அங்கிருந்தும் கழகங்கள் படங்களைப் பெற்றன.

அக்காலத்தில் கொட்டகைகளில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளைப் பயன்படுத்தினர். இரண்டு மணி நேரம் ஓடும் படத்திற்கு அவ்வகைச் சுருள் ஏறத்தாழ 10,800 அடி வேண்டும். கழகங்கள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர்ச் சுருளையே பயன்படுத்தின. அதே படம் இதில் ஏறத்தாழ 4,320 அடியில் அடங்கிவிடும். எடை குறைவு; புகைவண்டியில் அனுப்புவது எளிது. படம் காட்டும் கருவியும் சிறியது. பள்ளிக் கூடத்திலோ, நூலக மண்டபத்திலோ மேசைமேல் வைத்துக் காட்டலாம். ஒரு சுருள் முடிந்தவுடன் விளக்கை ஏற்றி, மறு சுருளை மாட்டினர். அச்சிறு இடைவேளையிலேயே பேச்சுத் தொடங்கியதும் உண்டு.

காட்சிக்கு முன், படத்தை அறிந்த ஒருவர் சில நிமிடம் பேசுவார். படம் எந்த நாட்டில், எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் கூறுவார். கதையின் முடிவைக் கூறமாட்டார். அயல்மொழிப் படமாயின், அதன் சுருக்கத்தைத் தாய்மொழியில் அச்சிட்டு வழங்குதல் நன்று. படம் முடிந்தபின் எவரும் எழுந்து செல்லாமல் அமர்ந்திருப்பர். அப்பொழுது தொடங்கும் உரையாடலே கழகத்தின் உயிர்.

அவ்வுரையாடலுக்குச் சில நெறிகள் உண்டு. எழுதப்படாதவையேனும் அவை இன்றியமையாதவை. முதலாவது, 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று கூறுவோர், படத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக் காரணம் கூற வேண்டும். இரண்டாவது, கற்றவர் பேச்சுக்கும் கல்லாதவர் பேச்சுக்கும் ஒரே மதிப்புத் தர வேண்டும். மூன்றாவது, மாற்றுக் கருத்தைக் கூறுவோரைப் பகைவராகக் கருதலாகாது. நண்பர் கண்டதை நாம் காணாமல் விட்டிருக்கலாம். ஒரே படத்தை நூறு பேர் காணும்பொழுது, நூறு இணைக் கண்கள் அதனைக் காண்கின்றன. பேசிய பின்னரே அந்நூறு பார்வையும் நம்முடையவை ஆகின்றன.

ஒரு படத்தைக் காண்போம்

மேலே கூறிய 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், உரோமாபுரியில் வேலையின்மை பரவியிருந்த காலம். அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அவனுடைய சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கின்றது. அவன் மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைத்து அதனை மீட்கின்றாள். வேலைக்குச் சென்ற முதல் நாளிலேயே சைக்கிள் திருடப்படுகின்றது. தந்தையும், புரூனோ என்னும் சிறு மகனும் நகரெங்கும் அதனைத் தேடி அலைகின்றனர். இறுதியில் மனமுடைந்த தந்தை, நின்றிருந்த வேறொரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகின்றான். அழுது நிற்கும் சிறுவனைக் கண்டு இரங்கி, சைக்கிளுக்கு உரியவர் அவனை விட்டுவிடுகின்றார். தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கின்றான். கதை அவ்வளவே.

இனி உரையாடலுக்கு வருவோம். "ஒரு சைக்கிளைத் தேடுவதில் என்ன கதை இருக்கின்றது?" என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு மற்றொருவர் அடகுக் கடைக் காட்சியை நினைவூட்டுவார். மனைவி தந்த விரிப்பு மூட்டையைக் கடைப் பணியாளர் எடுத்துச் செல்கின்றார். அவர் ஏணிபோன்ற பரண்மேல் ஏறுகின்றார், மேலும் ஏறுகின்றார். அவ்வளவு உயரத்திற்கும் மூட்டைகளே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் வறுமையைக் கண்டுகொண்டிருந்த நாம், ஒரு நொடியில் ஒரு நகரத்தின் வறுமையைக் காண்கின்றோம். இதனை ஒருவரும் வாயால் கூறவில்லை, பரணே கூறிவிடுகின்றது.

மூன்றாமவர், "படத்தின் பெயர் 'திருடர்கள்' என்று பன்மையில் இருப்பது ஏன்?" என்று வினவுவார். சைக்கிளை முதலில் திருடியவனும் ஏழை. திருட முயன்ற தந்தையும் ஏழை. குற்றம் செய்தவனை வெறுத்துவிடுவது எளிது. அவன் நிலையில் நம்மை வைத்துப் பார்க்குமாறு படம் நம்மைப் பணிக்கின்றது. தந்தையாக நடித்த லம்பெர்தோ மஜோரானி தொழிலால் நடிகரல்லர், ஆலைத் தொழிலாளி. அவர் நடையிலும் முகத்திலும் காணும் சோர்வு நடிப்பாகத் தோன்றாமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். நான்காமவர் ஒருவேளை, "இறுதியில் வேலை கிடைத்ததாகக் காட்டியிருக்கலாமே" என்று வருந்துவார். அவ்வாறு காட்டியிருந்தால் நாம் மகிழ்ந்து வீடு திரும்பி, அந்தோனியோவை மறந்திருப்போம். காட்டாமையால் அவனை மறவாது நினைத்துக்கொண்டிருக்கின்றோம். இவ்விடை எல்லார்க்கும் உடன்பாடாக இருக்க வேண்டுவதில்லை. காரணத்தோடு எண்ணத் தொடங்கிவிட்டோம் என்பதே பெற்ற பயன்.

சிற்றூரில் இயலுமா?

இவையெல்லாம் பெருநகர மக்களுக்கும் மிகப் படித்தவர்க்கும் உரியன. சிற்றூரார்க்கு இவை புரியா என்று கருதுவோர் உண்டு. இக்கருத்துத் தவறு என்பதற்குக் கருநாடக மாநிலத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரே சான்று. பாக்குத் தோட்டங்கள் நிறைந்த அவ்வூரில் 1949ஆம் ஆண்டில் 'நீநாசம்' என்னும் நாடகக் குழு தோன்றியது. அதனை வளர்த்தவர் கே. வி. சுப்பண்ணா, அவரும் பாக்குத் தோட்ட உழவரே. 1973ஆம் ஆண்டில் அவர்கள் திரைப்படக் கழகம் ஒன்றையும் தொடங்கினர். உலகின் சிறந்த படங்கள் அவ்வூர் உழவர் முன் காட்டப்பட்டன. சுப்பண்ணாவின் தொண்டைப் பாராட்டி 1991இல் அவர்க்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

கேரளத்தில் ஜான் ஆபிரகாம் என்னும் இயக்குநர் இதனினும் ஒரு படி மேற்சென்றார். தமிழில் 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் படத்தை இயக்கியவர் அவர். பின்னர் 1984இல் நண்பருடன் 'ஒடேசா' என்னும் குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று படங்களைக் காட்டி, மக்கள் தந்த சிறு தொகைகளைத் திரட்டினார். அப்பொருளைக் கொண்டு 1986இல் 'அம்மா அறியான்' என்னும் படம் உருவாயிற்று. காண்பவரே படத்தின் உரிமையாளர் ஆயினர்.

நம் சிற்றூரார்க்கும் இது புதியதன்று. 1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலகத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். படம் ஊர் மக்களைத் தேடி வந்த வரலாறு நம்முடையது. கூத்தை நுணுகிக் கண்ட கண்களுக்கு நல்ல படத்தை நுணுகிக் காண்பது அரிய செயல் ஆகாது.

இழந்ததும் பெற்றதும்

வேலூரில் பிறந்த நடராச முதலியார் என்பவரே தென்னிந்தியாவில் முதன்முதலாகக் கதைப்படம் எடுத்தவர். 'கீசக வதம்' என்னும் அவ்வூமைப் படத்தின் படி ஒன்றேனும் இன்று இல்லை. அருமையை உணர்ந்து காப்பார் இல்லாமையால் அது அழிந்தது. பொன்னையும் பொருளையும் பூட்டி வைத்த நாம் படச்சுருளைப் போற்றவில்லை. மதிப்பறிந்த சுவைஞர் பலர் இருக்கும் நாட்டில் இத்தகைய இழப்பு நேர்வது அரிது. பழைய படங்களைக் காணும் கழகங்கள் அவற்றைக் காக்க வேண்டும் என்னும் உணர்வையும் வளர்க்கின்றன.

இற்றை நாளில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. அன்று ஒரு படத்தைப் பெறக் கடிதங்கள் பல எழுதிக் காத்திருந்தனர். இன்று கைப்பேசியிலேயே உலகப் படங்கள் பலவற்றைக் காண இயலும். அங்ஙனமாயின் கழகம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். அன்று அரிதாக இருந்தது படம். இன்று அரிதாக இருப்பது கூடி அமர்தல். ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் அமர்ந்து நான்கு படங்களைக் காண்கின்றனர். ஒருவர் சிரித்தது ஏன் என்று மற்றவர் அறியார். சிறிது சலிப்புத் தோன்றினும் விரலால் தள்ளிவிட்டு வேறொன்றுக்குச் செல்கின்றோம். அப்பு எறிந்த மாலை மூழ்கிப் பாசி மூடும்வரை பொறுத்திருக்கும் கண் நமக்கு வாய்ப்பது எவ்வாறு? பலரோடு அமர்ந்து காணும்பொழுதே அப்பொறுமை எளிதில் வாய்க்கின்றது. ஆதலின் கழகத்தின் தேவை இன்று குறையவில்லை, மிகுந்துள்ளது.

மாணவர்களே! இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு வெள்ளைச் சுவர், ஒரு சிறு கருவி, பதினைந்து இருபது நண்பர்கள், வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் ஆகியன போதும். முறைப்படி இசைவு பெற்ற நல்ல படம் ஒன்றைத் திங்கள்தோறும் தேர்ந்தெடுங்கள். கண்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். உங்களைக் கவர்ந்த ஓர் இடத்தைச் சுட்டிக் காரணம் கூறுங்கள். பின்னர் நண்பர் கூறுவதைக் கேளுங்கள். கல்கத்தாவில் அன்று ஓர் அறையில் கூடியவர்களும் உங்களைப் போன்ற இளைஞரே.

முழுநிலா நாள்தோறும் திருவண்ணாமலைக்கு வந்து மலையை வலம் வருவோர், ஒரே மலையைத்தான் காண்கின்றனர். ஆயினும் வழி வளைய வளைய, மலை வெவ்வேறு வடிவம் கொள்கின்றது. ஓரிடத்தில் நின்று பார்த்தவர் அதன் ஒரு பக்கத்தையே அறிவார். சுற்றி வந்தவரே முழு மலையையும் அறிவார். நல்ல படமும் அத்தகையதே. அதனைப் பலர் கண்களாலும் சுற்றிவந்து காண்பதற்கு வழியமைத்துத் தருவதே திரைப்படக் கழகம்.